தேராத் தெளிவு: தானியங்கு படைக்கலங்களின் பரிசோதனை பற்றிய ஒரு விமர்சன நோக்கு

ஒரு பொருளின் தன்மையை ஆராய்ந்து அறிவதைத் ‘தேர்தல்’ என்றும், ஆராய்ந்தபின் அதன்மீது நம்பிக்கை கொள்வதைத் ‘தெளிதல்’ என்றும் பழந்தமிழ் வழக்கு வேறுபடுத்தி வழங்கியது. திருக்குறளின் பொருட்பாலில் ‘தெரிந்து தெளிதல்’ என ஓர் அதிகாரமே உண்டு. அரசன் தன் பணிகளை ஒப்படைத்தற்குரியாரைத் தெரிவு செய்தல் பற்றி எழுந்தது அது. ஆராயாமல் நம்புவதும், நம்பியபின் ஐயுறுவதும் ஒருங்கே துன்பம் பயப்பன என்னுங் கருத்துடன் அவ்வதிகாரம் நிறைவுறுகின்றது. இன்று படைப்பணிகள் பல ஆட்களிடமன்றிப் பொறிகளிடம் ஒப்படைக்கப்படுகின்றன. பணியை ஏற்போர் மாறினரேயன்றி ஒப்படைத்தலின் பிரச்சினை மாறவில்லை. எதை ஆராய்ந்து, எவ்வளவு ஆராய்ந்து, எந்த நிலையில் நம்புவது என்ற வினா முன்னிலும் கூர்மையுடன் எழுந்து நிற்கின்றது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புத் திணைக்களம் 2012 நவம்பரில் 3000.09 என்னும் இலக்கமுடைய பணிப்பாணை ஒன்றினை வெளியிட்டது. 2023 சனவரியில் அது திருத்தி வெளியிடப்பட்டது. ஒருமுறை இயக்கப்பட்டபின், மனிதரின் மேலதிகத் தலையீடின்றித் தானே இலக்கைத் தெரிந்து தாக்கவல்ல படைக்கலத்தையே தானியங்கு படைக்கலம் என அவ்வாணை வரையறுக்கின்றது. அத்தகைய படைக்கலங்கள், பலப்பிரயோகத்தின் மீது மனிதர் ‘தகுந்த அளவு’ தமது தீர்ப்பினைச் செலுத்த இடமளித்தல் வேண்டும் என்றும், அவற்றின் வன்பொருளும் மென்பொருளும் கண்டிப்பான சரிபார்ப்புக்கும், மெய்ந்நிலையை ஒத்த பரிசோதனைக்கும், மதிப்பீட்டுக்கும் உட்படல் வேண்டும் என்றும் அது விதிக்கின்றது. தன் போக்கினை மாற்றிக்கொள்ளும் பகைவன் எதிர்நிற்கும்போதும் அவை எதிர்பார்த்தவாறே இயங்குதல் வேண்டும் என்பதும் அதன் எதிர்பார்ப்பு.

இத்தகையதொரு விதியை எழுத்திலே வகுத்து வெளிப்படையாக்கிய முயற்சி பாராட்டத்தக்கதே. ஆயினும் ஆணையைக் கூர்ந்து வாசிப்பார்க்கு ஒன்று புலனாகும். அதன் கட்டுக்கோப்பு முழுவதும் ‘பரிசோதனை’ என்னும் ஒரு சொல்லின்மீது தாங்கி நிற்கின்றது. பொறி தவறிழைக்காதா என்னும் ஐயத்துக்கு அது தரும் விடை, பரிசோதிக்கப்படும் என்பதே. பரிசோதனையைச் செய்பவர் யார்? எந்த அளவுகோலைக் கொண்டு அளப்பர்? வெற்றியை நாடிச் செய்யப்படுவதா, தோல்வியை நாடிச் செய்யப்படுவதா? இவ்வினாக்களுக்கு விடை காணாதவிடத்து அச்சொல் ஒரு சமாதானச் சொல்லாக அமையுமேயன்றி ஒரு பாதுகாப்பாக அமையாது. அச்சொல் எவ்வளவு பாரந் தாங்கும் என்பதை அறிவதற்குக் கடந்தகால அனுபவங்களை நோக்குதல் பொருத்தமானது.

அளவுகோலின் பிழை

ஆளில்லாமற் சென்று தாக்கும் கருவிகள் இந்த நூற்றாண்டின் புதுமை அல்ல. நீருக்கடியில் தானே திசையும் ஆழமும் பேணி ஓடிச் சென்று கப்பலைத் தாக்கும் டோர்ப்பீடோ அவ்வினத்தின் மூத்த உறுப்பினர்களுள் ஒன்று எனலாம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல்களிற் பயன்பட்ட மார்க் 14 டோர்ப்பீடோவின் வரலாறு, பரிசோதனை என்பது எவ்வாறெல்லாம் பொய்த்துப்போகலாம் என்பதற்கு ஒரு பாடநூல் போன்றது.

பகைக் கப்பலின் காந்தப்புலத்தை உணர்ந்து அதன் அடிப்பாகத்திற் சென்று வெடிக்கும் வகையில் இரகசியமான வெடிபொறி ஒன்று அதற்கென ஆக்கப்பட்டது. 1926 மே மாதத்தில், சேவையிலிருந்து நீக்கப்பட்ட எல்-8 என்னும் நீர்மூழ்கிக் கப்பலின்மீது அது பரிசோதிக்கப்பட்டது. ஏவப்பட்டவை இரண்டு. முதலாவது வெடிக்கவில்லை, இரண்டாவது கப்பலைத் தகர்த்தது. இரண்டில் ஒன்று தோல்வியுற்ற இப்பரிசோதனை போதுமானதெனக் கொள்ளப்பட்டது. அதன்பின் போர் மூளும்வரை அவ்வெடிபொறி உண்மையான வெடிமருந்துடன் ஒரு கப்பலின்மீது மீண்டும் பரிசோதிக்கப்படவில்லை. ஒரு டோர்ப்பீடோவின் விலை ஏறத்தாழ 10,000 டொலர். பொருளாதார மந்தம் நிலவிய காலத்தில் அதனை வெடிக்கவிட்டு அழிப்பது வீண்செலவாகத் தோன்றியது.

1941 டிசம்பரிற் போர் தொடங்கியதும் நீர்மூழ்கிக் கப்பற் தலைவர்கள் குறிபார்த்து ஏவியவை வெடிக்காமலும், உரிய நேரத்துக்கு முன்னரே வெடித்தும் பயனின்றிப் போயின. கருவியை ஆக்கிய கடற்படைப் பிரிவு கருவியிற் குறையில்லை என்றும், ஏவியவர்களின் திறமையிலேயே குறையென்றும் சாதித்தது. 1942 யூனில் மேற்கு அவுஸ்திரேலியாவில், அங்கிருந்த நீர்மூழ்கிப் படைப்பிரிவின் தலைவர் சார்ள்ஸ் லொக்வூட் மிக எளிய சோதனை ஒன்றை நடத்துவித்தார். கடலில் ஒரு மீன்பிடி வலையைத் தொங்கவிட்டு அதன் ஊடாக டோர்ப்பீடோக்களை ஏவச் செய்தார். வலையில் விழுந்த துளைகளை அளந்தபோது, விதித்த ஆழத்திலும் சராசரி 11 அடி கீழாக அவை ஓடியமை தெரியவந்தது. ஓகஸ்டில் அப்பிரிவும் குறையை ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

இத்தனை ஆண்டுகளாக இது தெரியாமற்போனமைக்கான காரணம் கவனத்துக்குரியது. ஆழத்தை உணரும் உறுப்பு, ஓடும் நீரின் அமுக்கம் மாறுபடும் ஓரிடத்திற் பொருத்தப்பட்டிருந்தமையால் தவறான அளவைக் காட்டியது. தொழிற்சாலையில் ஆழத்தைச் சரிபார்ப்பதற்குப் பயன்பட்ட பதிகருவியும் அதே பிழையை உடையதாய் இருந்தது. சோதிக்கப்பட்ட பொருளும் சோதித்த கருவியும் ஒரே பொய்யைக் கூறின. இரண்டும் ஒத்திருந்தமையால் அது மெய்யெனக் கொள்ளப்பட்டது. மேலும், பயிற்சிக்குப் பயன்பட்ட தலைப்பகுதி உண்மையான வெடிதலையிலும் பாரங் குறைந்தது. ஆக, சோதிக்கப்பட்டது ஒரு பொருள். போருக்குச் சென்றது வேறொரு பொருள். ஒரு மீனவனின் வலை அப்பிழையிற் பங்குகொள்ளாமையினாலேயே உண்மையைக் காட்டிற்று.

குறைகள் அத்துடன் தீரவில்லை. 1943 யூனிற் பசிபிக் கடற்படைத் தளபதி நிமிட்ஸ் காந்த வெடிபொறியைச் செயலிழக்கச் செய்யும்படி கட்டளையிட்டார். யூலை 24ஆம் நாள் ‘ரினோசா’ என்னும் நீர்மூழ்கிக் கப்பல் பெரியதொரு யப்பானிய எண்ணெய்க் கப்பலின்மீது 15 டோர்ப்பீடோக்களை ஏவியது. அவற்றுள் 11 இலக்கிற் பட்டும் வெடிக்கவில்லை. எஞ்சிய ஒன்றை அக்கப்பலின் தலைவர் ஆராய்ச்சிக்கெனத் திருப்பிக் கொண்டுவந்தார். ஹவாயில் நடத்தப்பட்ட சோதனைகள், நேராக மோதும்போது உண்டாகும் அதிர்ச்சியில் வெடியூசி சிதைந்துவிடுகின்றது என்பதைக் காட்டின. சாய்வாக மோதியவை வெடித்தன. செவ்வையாகக் குறிபார்த்து ஏவப்பட்டவையே வெடிக்கவில்லை. ஆழத்தின் பிழை காந்தப்பொறியின் பிழையை மறைத்தது; காந்தப்பொறியின் பிழை வெடியூசியின் பிழையை மறைத்தது. போர் தொடங்கி ஏறத்தாழ 21 மாதங்களின் பின்னரே எல்லாம் வெளிவந்தன. சோதனைக் களத்திற் காணப்பட்டிருக்க வேண்டிய தோல்விகளைப் போர்க்களத்திலே தம் உயிரைப் பணயம் வைத்துக் கண்டறிந்தோர், தம்மீது சுமத்தப்பட்ட பழியையும் சேர்த்தே சுமந்தனர்.

எழுதப்படாத எடுகோள்

டோர்ப்பீடோவின் காலம் பொறிமுறையின் காலம். கணனியின் வருகை இத்தகைய குறைகளைப் போக்கியிருக்கும் எனச் சிலர் கருதலாம். பேட்ரியட் ஏவுகணைத் தொகுதியின் வரலாறு அக்கருத்தை மறுக்கின்றது. ராடர் மூலம் இலக்கைக் கண்டு, கணனி மூலம் வகைப்படுத்தி, வேண்டுமாயின் தானாகவே ஏவவல்ல தொகுதி அது.

1991 பெப்ரவரி 25ஆம் நாள் சவூதி அரேபியாவின் தஹ்ரான் நகரில், ஈராக்கின் ஸ்கட் ஏவுகணை ஒன்று படைவீரர் தங்குமிடத்தின்மீது வீழ்ந்து 28 அமெரிக்கப் படையினர் மாண்டனர். அவ்விடத்தைக் காக்க வேண்டிய பேட்ரியட் தொகுதி அதன்மீது ஏவப்படவேயில்லை. காரணம் ஒரு கூட்டற் கணக்கு. அத்தொகுதியின் கணனி காலத்தைப் பத்திலொரு செக்கன் வீதம் எண்ணியது. மூன்றிலொன்றைத் தசமத்தில் முடிவுற எழுத இயலாதவாறே, பத்திலொன்றை இரும எண்முறையில் முடிவுற எழுத இயலாது. 24 இலக்கங்களுடன் அது வெட்டப்பட்டபோது நேர்ந்த நுண்ணிய பிழை ஒவ்வோர் எண்ணிக்கையிலும் சேர்ந்து பெருகியது. 100 மணித்தியாலம் இடைவிடாது இயங்கிய தொகுதியில் அது 0.34 செக்கனாயிற்று. அவ்வளவில், வரும் ஏவுகணையை ராடர் தேடவேண்டிய இடம் ஏறத்தாழ 687 மீற்றர் தவறிப்போயிற்று. இல்லாத இடத்திற் தேடிய பொறி, ஏதும் இல்லையென முடிவு செய்தது.

இப்பிழை ஏன் முன்னர் அகப்படவில்லை? ஐரோப்பாவில், சோவியத் விமானங்களுக்கெதிராக, அடிக்கடி இடம்மாறிச் சில மணித்தியாலங்களே ஓரிடத்தில் இயங்குவதற்கென அத்தொகுதி திட்டமிடப்பட்டது. அவ்வளவு நேரத்துக்குப் பிழை பொருட்படுத்தத்தக்கதன்று. நாட்கணக்கில் ஒரே இடத்தில் நின்று ஏவுகணைகளை எதிர்பார்க்கும் நிலை எவராலும் சோதிக்கப்படவில்லை. ‘சில மணித்தியாலங்கள்’ என்பது எழுதப்படாத ஓர் எடுகோள்; ஆக்கியோரும் சோதித்தோரும் அதனை ஒருங்கே நம்பினர். டோர்ப்பீடோவிலே பதிகருவி வகித்த பங்கினை இங்கு இந்த எடுகோள் வகித்தது.

அதனினும் வருந்தத்தக்கது பின்னர் நிகழ்ந்தது. பெப்ரவரி 11இல் இஸ்ரேலியர் தம் அனுபவத்தின் வாயிலாக இக்குறையைச் சுட்டினர். 16இல் திருத்தப்பட்ட மென்பொருள் ஆயத்தமாயிற்று. 21இல் மிக நீண்டநேரம் இயக்குவது பிழைக்கு வழிவகுக்கலாம் என ஓர் அறிவித்தல் சென்றது. ‘மிக நீண்டநேரம்’ என்பது எத்தனை மணித்தியாலம் என அதிற் கூறப்படவில்லை. ஒன்றரை நிமிடத்துக்குள் தொகுதியை நிறுத்தி மீள இயக்கியிருந்தாற் பிழை நீங்கியிருக்கும். திருத்திய மென்பொருள் தஹ்ரானை அடைந்த நாள் பெப்ரவரி 26, அழிவு நேர்ந்த மறுநாள்.

அதே போரில் இத்தொகுதியின் வெற்றி எவ்வாறு அளக்கப்பட்டது என்பதும் சொல்லாராய்ச்சியில் ஈடுபாடுடையார் நோக்கவேண்டியது. எதிர்த்த 42 ஸ்கட் ஏவுகணைகளுள் 41 இடைமறிக்கப்பட்டன என 1991 பெப்ரவரியில் ஜனாதிபதி புஷ் அறிவித்தார். பின்னர்க் காங்கிரஸ் விசாரணையில், ‘இடைமறித்தல்’ என்பதற்கு அழித்தல் என்பது பொருளன்று, இரண்டின் பாதைகளும் வானில் ஒன்றையொன்று கடந்தன என்பதே பொருள் எனத் தரைப்படை அதிகாரி ஒருவர் விளக்கம் கூறினார். காங்கிரசின் கணக்காய்வு அலுவலகம் 1992இல் ஆராய்ந்தபோது, அழிக்கப்பட்டமைக்கு வலுவான சான்று ஏறத்தாழ 9 விழுக்காடு மோதல்களுக்கே இருந்தது. சொல்லை நெகிழவிட்டால் எச்சோதனையும் வெற்றியாகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பொறியும் மனிதரும்

1991இல் ஏவவேண்டியவிடத்து ஏவாத தொகுதி, 2003இல் ஏவலாகாதவிடத்து ஏவியது. மார்ச் 23ஆம் நாள் பணி முடித்துக் குவைத்துக்குத் திரும்பிய பிரித்தானிய ரோணேடோ விமானம் ஒன்றை, ராடரைத் தாக்கவரும் ஏவுகணை என பேட்ரியட் தொகுதி வகைப்படுத்தியது. அதனை இயக்கியோர் பொறியின் முடிவை ஏற்றனர்; விமானத்தில் இருந்த இருவரும் மாண்டனர். ஏப்ரல் 2ஆம் நாள் அமெரிக்கக் கடற்படை விமானம் ஒன்றும் அவ்வாறே வீழ்த்தப்பட்டு அதன் விமானி உயிரிழந்தார். ஈராக்கிடம் இருந்த படைக்கலங்களைக் கருதாது, உலகெங்குமுள்ள பலவகை ஏவுகணைகளையும் அடக்கும் வண்ணம் வகைப்படுத்தும் அளவைகள் விரிவாக அமைந்திருந்தமை பிரித்தானிய விசாரணையிற் சுட்டப்பட்ட காரணங்களுள் ஒன்று.

இது பற்றி அமெரிக்கப் பாதுகாப்பு விஞ்ஞானச் சபையின் குழு 2005இல் வெளியிட்ட அறிக்கை ஆழமானது. அப்போரில் பேட்ரியட் எதிர்கொண்ட ஈராக்கிய ஏவுகணைகள் ஒன்பது. நட்பு நாட்டு விமானங்களின் பறப்புகள் ஏறத்தாழ 41,000. ஒரு பகைப்பொருளுக்கு நான்காயிரத்துக்கு மேற்பட்ட நட்புப்பொருள்கள் வானில் இருந்தன. பொறியோ பகைவர் மொய்த்துவரும் போரை மனங்கொண்டு ஆக்கப்பட்டது. அதனை இயக்குவோர் விரைந்து செயற்படவும் மென்பொருளை நம்பவும் பயிற்றப்பட்டனர். நண்பரை இனங்காணும் கருவி சரியாக இயங்காமை பயிற்சிகள் பலவற்றில் முன்னரே காணப்பட்டிருந்தது. கண்ட குறை ஏன் திருத்தப்படவில்லை என்பது அக்குழுவினர்க்கே வியப்பாக இருந்தது.

ஈண்டு நியாயமான மறுப்பொன்று எழும். மனிதர் மட்டும் பிழைப்பதில்லையா? 1988 யூலை 3ஆம் நாள் பாரசீக வளைகுடாவில் ‘வின்சென்ஸ்’ என்னும் அமெரிக்கப் போர்க்கப்பல் ஈரானியப் பயணிகள் விமானம் ஒன்றைச் சுட்டு வீழ்த்தியதில் 290 பேர் இறந்தனர். விமானம் மேலெழுந்து செல்கின்றது எனக் கப்பலின் கணனித் தொகுதி சரியாகவே பதிந்திருந்தது. அது தாழ்ந்து தம்மை நோக்கி வருகின்றது எனக் கொண்டவர்கள் மனிதர்கள். பொறியின் கையிலே முடிவை விட்டிருந்தால் அவ்வுயிர்கள் தப்பியிருக்கும் எனத் தானியங்கு படைக்கலங்களை ஆதரிப்போர் வாதிடுவர். இவ்வாதத்தை எளிதிற் புறக்கணித்தல் நேர்மையாகாது.

ஆனால் 1988ஐயும் 2003ஐயும் அருகருகே வைத்து நோக்கும்போது வேறொரு முடிவே பெறப்படுகின்றது. முன்னையதிற் பொறி சரி, மனிதர் தவறு. பின்னையதிற் பொறி தவறு, மனிதர் அதற்கு இணங்கினர். இரண்டிலும் தவறியது பொறி மட்டுமன்று, மனிதர் மட்டுமன்று. அவ்விரண்டுக்குமிடையே நம்பிக்கை பகிரப்பட்ட முறையே தவறியது. எப்போது பொறியை நம்புவது, எப்போது ஐயுறுவது என்பதை எவரும் சோதித்திருக்கவில்லை. பணிப்பாணை கூறும் ‘தகுந்த அளவு’ மனிதத் தீர்ப்பு என்னுந் தொடரின் வெறுமை இவ்விடத்திலேதான் வெளிப்படுகின்றது. சில செக்கன்களுள் முடிவெடுக்க வேண்டியவரும், பொறியை மறுத்தால் அதற்கான பொறுப்பைத் தாமே சுமக்க வேண்டியவருமான ஒருவர், விசையின்மேல் விரலை வைத்திருப்பதனால் மட்டும் தீர்ப்பளிப்பவர் ஆகிவிடார். அவருக்கு ஐயுறுவதற்கு வேண்டிய நேரமும், தகவலும், உரிமையும் உண்டா என்பதைப் பொறியின் வேகத்தைச் சோதிப்பதுபோலவே சோதித்தறிதல் வேண்டும்.

எண்ணிக்கையின் எல்லை

கற்கும் பொறிகளின் வருகையால் பிரச்சினை மேலுஞ் சிக்கலுறுகின்றது. பழைய பொறியின் விதிகள் மனிதரால் எழுதப்பட்டவை. பிழை நேர்ந்தால் அவ்விதியைத் தேடிக் காணலாம். பேட்ரியட்டின் காலப்பிழை அவ்வாறே கண்டறியப்பட்டது. ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டி, இது வாகனம், இது மரம் எனப் பயிற்றப்படும் பொறியோ தான் எதனைக் கொண்டு வேறுபடுத்துகின்றது என்பதைச் சொல்லமாட்டாது. பயிற்றிய படங்களும் சோதித்த படங்களும் ஒரே நிலப்பரப்பில், ஒரே பருவத்தில், ஒரே ஒளியில் எடுக்கப்பட்டவையாயின், சோதனை பயிற்சியின் பிழையையே திருப்பிக் கூறும். கருவியும் பதிகருவியும் ஒரே பொய்யைக் கூறிய கதை மீண்டும் அரங்கேறும். அன்று ஒரு மீன்வலை கிடைத்தது. இன்று அதற்கு ஒப்பானது எது என்பதே சோதனையாளர் முன்னுள்ள முதன்மையான வினா.

எத்தனை தடவை சோதித்தால் நம்பலாம் என்பதற்கும் புள்ளிவிபரவியல் ஒரு கடுமையான விடையைத் தருகின்றது. ஒரு பொறியை 300 தடவை சோதித்து ஒருமுறையேனும் பிழை நேரவில்லை எனக் கொள்வோம். அதிலிருந்து 95 விழுக்காட்டு உறுதியுடன் கூறத்தக்கது, அதன் பிழை வீதம் ஏறத்தாழ 1 விழுக்காட்டுக்கு மேற்படாது என்பது மட்டுமே. 41,000 பறப்புகளில் 1 விழுக்காடு 410. ஒவ்வொரு விமானமும் ஏவுகணைத் தொகுதி ஒன்றின் தீர்ப்புக்கு உட்படுவதில்லையாயினும், முந்நூறு வெற்றிகளின் பின்னரும் எஞ்சியிருக்கும் அறியாமையின் பருமனை இவ்வெண் உணர்த்தும். அம்முந்நூறு தடவையும் போர்க்களத்தின் நிலையிலேயே நடந்திருந்தால்தான் இவ்வளவு உறுதியும் கிடைக்கும். சோதிக்கப்பட்ட களமும் போர்க்களமும் வேறாயின் அந்த எண்ணும் பொருளற்றது. பகைவனோ சோதனைக்கு ஒத்துழைப்பவன் அல்லன். பொறி எதனை எதிர்பார்க்கவில்லையோ அதனையே தேடிச் செய்பவன்.

சோதிப்பவர் யார்?

மேற்கூறியவை யாவும் அறிவியற் பிரச்சினைகள் போலத் தோன்றினும் அவற்றின் வேர் நிறுவன அமைப்பிலே உள்ளது. மார்க் 14ஐ ஆக்கியதும் சோதித்ததும் முறைப்பாடுகளை மறுத்ததும் ஒரே நிருவாகத்தின் கீழ் நடந்தன. லொக்வூட் வேறோர் இடத்தில், வேறொரு பொறுப்பில் இருந்தமையாலேயே வலையைத் தொங்கவிட முடிந்தது. ஆக்கியவன் தன் ஆக்கத்தின் தோல்வியை மனமுவந்து தேடான். அது தனிமனித ஒழுக்கக் குறை அன்று, அவன் நிற்கும் இடத்தின் இயல்பு.

இவ்வுண்மையை உணர்ந்தே அமெரிக்கக் காங்கிரஸ் 1983இல், பாதுகாப்புத் திணைக்களத்தின் எதிர்ப்பையும் மீறி, செயற்பாட்டுப் பரிசோதனைக்கும் மதிப்பீட்டுக்கும் எனத் தனியானதொரு பணிப்பாளர் அலுவலகத்தை நிறுவியது. படைக்கலங்களைக் கொள்வனவு செய்யும் பிரிவுகளுக்குக் கட்டுப்படாமல், பாதுகாப்புச் செயலாளருக்கும் காங்கிரசுக்கும் நேரடியாக அறிக்கையிடும் உரிமை அதற்கு வழங்கப்பட்டது. 1985 ஓகஸ்டில், ஏறத்தாழ 180 கோடி டொலர் செலவிடப்பட்டபின், ‘சார்ஜன்ட் யோர்க்’ என்னும் விமான எதிர்ப்புப் பீரங்கித் திட்டம் சோதனைகளின் முடிவைக் கொண்டு கைவிடப்பட்டது. சோதனையினால் ஒரு திட்டம் நிறுத்தப்படவும் கூடும் என்பதே சோதனைக்கு உயிர்தரும் நிலைமை. எந்த முடிவு வந்தாலும் கொள்வனவு தொடரும் என்றால் நடைபெறுவது சடங்கேயன்றிச் சோதனையன்று.

அண்மைக்காலப் போக்கு இதற்கு மாறாக உள்ளது. 2023 ஓகஸ்டில் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம், தானியங்கு கருவிகளைப் பல ஆயிரக்கணக்கில் 18 முதல் 24 மாதங்களுக்குள் களமிறக்கும் ‘ரெப்ளிக்கேற்றர்’ திட்டத்தை அறிவித்தது. 2025 மே மாதத்தில், மேற்குறித்த சுதந்திரமான பரிசோதனை அலுவலகத்தின் ஆளணியை 30 குடிசார் ஊழியர், 15 படைத்துறையினர், ஒரு மேல்நிலை அலுவலர் என்னும் அளவுக்குக் குறைக்கும்படி பாதுகாப்புச் செயலாளர் பணித்தார். முன்னைய ஆளணியின் பாதிக்கும் இது குறைவு. செலவுச் சிக்கனமும் விரைவும் காரணங்களாகக் காட்டப்பட்டன. பொறிகள் பெருகும் காலத்தில் அவற்றைச் சோதிப்போர் அருகினர்.

பணிப்பாணையிலும் இப்போக்குக்கு இடமளிக்கும் ஒரு வாசல் உண்டு. தானியங்கு படைக்கலங்கள் ஆக்கத்துக்கு முன்னரும் களமிறக்கத்துக்கு முன்னரும் மேல்நிலை அதிகாரிகளின் மீளாய்வுக்கு உட்படல் வேண்டும் என விதிக்கும் அவ்வாணை, அவசர இராணுவத் தேவை ஏற்படின், சட்ட மீளாய்வு தவிர்ந்த ஏனையவற்றைத் துணைச் செயலாளர் விலக்கலாம் எனவும் கூறுகின்றது. போரிலே அவசரம் உண்டென்பது மறுக்கவியலாதது. ஆயின் தானியங்கு படைக்கலம் தேவைப்படும் ஒவ்வொரு தருணமும் அவசரமான தருணமே. விதிவிலக்கு எந்த நிலைமைக்கென ஏற்பட்டதோ அந்நிலைமையே போரின் வழமையான நிலைமை என்பதை ஆணையை எழுதினோர் போதியளவு எண்ணினர் எனக் கூறுவதற்கில்லை. தஹ்ரானில் நேர்ந்ததும் அவசரத்தினிடையே நேர்ந்ததுதான். அங்கு வேண்டப்பட்டது சோதனையைக் குறைத்தல் அன்று, சோதனையின் முடிவை விரைந்து தெளிவாக அறிவித்தலே.

எவர்மீது சோதனை?

படைக்கல வணிகத்திற் பெருமையாக வழங்கும் தொடர் ஒன்றுண்டு: ‘போர்க்களத்தில் நிரூபிக்கப்பட்டது’ என்பது அது. விற்பனைக் கைநூல்களில் இது மிகவுயர்ந்த நற்சான்றாகக் காட்டப்படுகின்றது. ஆக்கிய நாட்டின் முழுமையான சோதனை அறிக்கைகளைக் காண வழியற்ற சிறிய நாடுகள், பெரும்பாலும் இத்தொடரை நம்பியே கொள்வனவு செய்ய நேர்கின்றது. இத்தொடரைச் சற்றுப் பிரித்து நோக்குதல் தகும். களத்தில் நிரூபிக்கப்பட்டது என்றால், களத்திற்கு வருமுன் முற்றாக நிரூபிக்கப்படவில்லை என்பதும் அதனுள் அடங்கும். களத்தில் நிகழ்ந்த அந்தச் சோதனைக்கு உட்பட்டோர் யார்? குவைத் எல்லையில் வீழ்ந்த விமானிகளும், தஹ்ரானில் உறங்கியோரும், வளைகுடாவின் மேலே பறந்த பயணிகளும் அச்சோதனைக்கு இசைவு தந்தவர் அல்லர். மருந்தொன்றை மனிதர்மீது சோதிப்பதாயின் அவர்தம் சம்மதம் வேண்டும் என்று உலகம் ஏற்றுக்கொண்டுள்ளது. படைக்கலத்தைப் பொறுத்தவரை அவ்வினா எழுப்பப்படுவதேயில்லை.

தோல்வியைத் தேடாத சோதனையாற் தோல்வி இல்லாதொழிவதில்லை, அது இடமாறுகின்றது. சோதனைக் களத்தில் ஒரு பொறியாளரின் பெருமைக்கு இழுக்காக முடிந்திருக்க வேண்டியது, வேறோரிடத்தில் ஒருவரின் உயிரிழப்பாக முடிகின்றது. மேலே காட்டப்பட்ட நிகழ்வுகள் யாவும் இவ்வொன்றையே வெவ்வேறு வகையில் உணர்த்துகின்றன. ஆகவே பணிப்பாணைகளை மதிப்பிடுவோர், ‘பரிசோதிக்கப்படும்’ என்னும் வாக்குறுதியுடன் அமைதியுறலாகாது. ஆக்கியோரிலிருந்து வேறான ஒருவர் சோதிக்கின்றாரா, ஆக்கத்தின் எடுகோள்களிற் பங்குகொள்ளாத அளவுகோல் அவரிடம் உண்டா, பொறியுடன் அதனை இயக்கும் மனிதரும் சேர்த்துச் சோதிக்கப்படுகின்றனரா, அவர் ‘இல்லை’ என்றால் திட்டம் நிற்குமா என்னும் நான்கு வினாக்களையும் கேட்டல் வேண்டும். இவற்றுள் ஒன்றுக்கேனும் விடை ‘இல்லை’ என்பதாயின் அங்கு நிகழ்வது தேர்தலன்று. அதன்மீது எழுப்பப்படும் நம்பிக்கை தேராத் தெளிவே. அத்தெளிவின் துன்பம் நம்பியவனையே சாரும் என்று முன்னோர் எண்ணினர். பொறிகளின் காலத்தில் அது பெரும்பாலும் நம்பாதவரையும் அறியாதவரையுமே சென்றடைகின்றது.